பயாப்சிக்கு முன் தோலை உறைய வைத்தால் மரப்பு ஊசி தேவையில்லையா?

வைகைக்கரை
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் பல வருடங்களாக இருக்கிறது. இடது கணைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. களிம்புகளை மாற்றி மாற்றிப் போட்டும் போகவில்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு (பயாப்சி) அனுப்பலாம் என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு வெட்டுவதில் பயமில்லை. அதற்கு முன்னால் போடும் மரப்பு ஊசிதான் பயம். பல் பிடுங்கியபோது போட்ட ஊசியை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமாவோ, "கபடியில் அடிபட்டால் புஸ்ஸென்று அடிக்கிறார்களே, அதை அடித்தால் தோல் உறைந்துவிடும். ஊசியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். இது நடக்கிற காரியமா? இல்லையென்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலில் ஐஸ் கட்டிக்கொண்டு போகலாமா?

களத்துமேடு
மாவட்ட அளவில் கபடி ஆடியவன் என்பதால் சொல்கிறேன். அந்த ஸ்பிரே ஒரு தற்காலிக ஏமாற்று. முட்டியில் அடிபட்டு விழுந்தவனை எழுப்பி நிற்க வைக்கும், அவ்வளவுதான். பாடிப் போய்த் திரும்பி வருவதற்குள் வலியும் திரும்பிவிடும். அதை நம்பிச் சதையை வெட்டுவதா? மாமாவிடம் முதலில் அவர் காலில் அடித்துக்காட்டச் சொல்லுங்கள்.

தோல்வழி
நான் தோல் மருத்துவன். உங்கள் அம்மாவின் திட்டு என்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தானே துண்டு எடுக்கிறார்கள். மரப்பு பற்றி மட்டும் பேசுகிறேன்.

மருத்துவமனைகளில் பயன்படும் உறைவிப்பு ஸ்பிரேக்களில் பழையதும் பெயர் பெற்றதும் எத்தில் குளோரைடு. அது சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் தோலின் வெப்பம் அதைவிட மிக அதிகம் என்பதால், பட்டவுடன் ஆவியாகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோலிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே வேலைதான், வேகம் மட்டும் பல மடங்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூன்று முதல் ஏழு வினாடி அடித்தால் தோல் வெளுத்துவிடும். வெளுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தோலின் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கும்போது நரம்புகள் சேதி அனுப்புவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அந்த மரப்பு ஒரு நிமிடம் நீடித்தாலே அதிகம். ஆழமும் மேல்தோலோடு சரி. பஞ்ச் பயாப்சி என்பது 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியைத் தோலில் வைத்து, திருகி, கொழுப்புப் படலம் தெரியும் வரை இறக்குவது. பிறகு துண்டை மெல்லத் தூக்கி அடியைக் கத்தரிக்க வேண்டும். இரத்தத்தை நிறுத்த வேண்டும். ஒன்றிரண்டு தையல் போட வேண்டும். ஸ்பிரேயை மட்டும் நம்பினால் கத்தி பாதி இறங்கும்போதே அம்மா காலை இழுத்துக்கொள்வார். தையல் போடும்போது கேட்கவே வேண்டாம்.

எனவே, ஊசிக்குப் பதிலாகக் குளிர் என்பது நடக்காது. ஊசி குத்தும் இடத்தில் முதலில் குளிர் வைத்து, அந்தக் குத்தலைக் குறைப்பது நடக்கும். நானும் அப்படிச் செய்வதுண்டு.

இன்னொன்று. வீட்டிலிருந்தே ஐஸ் கட்டிக்கொண்டு வருவதை அறவே விடுங்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். ஐஸ் தோலைக் கெடுப்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

நிழற்குடை
டாக்டர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஊசிதான். என் கைவிரலில் இருந்த மருவை திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைத்தே எடுத்தார்கள். ஒரு ஊசியும் போடவில்லை. அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

தோல்வழி
> அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

உங்கள் மருவை எடுக்கவில்லை ஐயா, கொன்றார்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அது செல்களை உறைய வைத்து அழிக்கிறது. பிறகு கொப்புளம் எழும்பி, காய்ந்து, உதிர்ந்திருக்கும். அன்று இரவு விரல் விண்விண்ணென்று தெறித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். பயாப்சியில் எங்களுக்கு வேண்டியது, உடம்பில் எப்படி இருந்ததோ அப்படியே கெடாமல் கையில் வரும் துண்டு.

நுண்ணோக்கி
திசுநோய்க்கூறு ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். டாக்டர் சொன்ன கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இதன் பலனை அனுபவிப்பது நாங்கள்.

தக்காளியை ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். தோல் அப்படியே இருக்கும், உள்ளே கூழாகிவிடும். சதையிலிருக்கும் நீர் மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்சுவர்களைக் கிழிப்பதால் வருவது அது. மனிதத் தோல் அவ்வளவு தூரம் கெடாது என்றாலும், உண்மையிலேயே உறைந்துபோன தோலை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றிப் பார்த்தால் செல்களுக்குள்ளும் இடையிலும் வெற்றுக் குமிழிகள் தெரியும்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் குமிழி விழுவது லூபஸ் (உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் திசுக்களையே தாக்கும் நோய்) போன்ற சில நோய்களுக்கு முக்கியமான அடையாளம். அந்தக் குமிழி நோயால் வந்ததா, ஸ்பிரேயால் வந்ததா என்று நாங்கள் பார்க்கும் கண்ணாடிச் சில்லில் எழுதி ஒட்டியிருக்காது. ஒருமுறை ஒரு கிளினிக்கிலிருந்து வந்த துண்டைப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர் நுண்ணோக்கியை விட்டு எழுந்து நேரே போனை எடுத்தார். "என்ன வைத்து எடுத்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. தோல் பாறைபோல ஆகும்வரை ஸ்பிரே அடித்திருந்தார்கள். நோயாளியைத் திரும்ப வரவழைத்து வேறு இடத்தில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஊசிக்குப் பயந்தவருக்கு இரண்டு தடவை!

மூன்று வினாடி அடித்து, வெளுத்ததும் நிறுத்தி, ஊசி போட்டு, தோல் பழைய நிறத்துக்கு வந்த பிறகு எடுத்தால் இந்தத் தொல்லை வராது. ஊசி மருந்து வேலை செய்வதற்குக் காத்திருக்கும் நேரத்திலேயே தோல் இளகிவிடும்.

கரிசல்மண்
எனக்கு ஒரு குழப்பம். என் மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டியை உறைய வைத்துப் பார்த்துச் சொன்னார்களே? உறைந்தால் கெட்டுவிடும் என்கிறீர்கள்.

நுண்ணோக்கி
நல்ல கேள்வி. அது உறைவெட்டுப் பரிசோதனை. துண்டு எங்கள் கைக்கு வந்த பிறகு, பசை போன்ற ஒரு கரைசலில் பொதித்து, மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் கருவியில் மிக வேகமாக உறைய வைப்போம். வேகம் கூடக்கூடப் படிகம் சிறிதாகும், சேதமும் குறையும். அப்படியும் மெழுகில் பதித்ததன் தெளிவு அதில் கிடைக்காது. மேசையில் நோயாளி காத்திருக்கிறார், அவசரம் என்பதற்காகச் செய்வது. மீதித் துண்டை வழக்கமான முறையில் மறுபடி பார்த்துத்தான் இறுதி அறிக்கை தருவோம்.

பனையோலை
கொஞ்சம் வரலாறு சொல்லலாமா? தொந்தரவாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

குளிரை வைத்து மரக்கச் செய்வது மயக்க மருந்துகளைவிட மூத்தது. நேப்பிள்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் மார்க்கோ ஔரேலியோ செவெரினோ, வெட்டும் இடத்தில் பனியை வைத்து மரக்கச் செய்தது பற்றி 1646இல் பதிவு இருக்கிறது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே 1807இல் ஐலாவ் போர்க்களத்தின் கடுங்குளிரில் கைகால்களை வெட்டி எடுத்தபோது, வீரர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே வலியை உணர்ந்ததைக் கவனித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், பொடித்த பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து வைத்தார். குளோரோஃபார்ம் புதிதாக வந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. சிறிய அறுவைக்கு எதற்கு முழு மயக்கம், குளிரே போதும் என்று மனிதர் வாதாடிக்கொண்டே இருந்தார். 1866இல் லண்டனில் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் சட்டென்று ஆவியாகும் ஈதரை நுண்துளிகளாக அடிக்கும் கருவியைக் கொண்டுவந்தார். இன்றைய ஸ்பிரேயின் தாத்தா அதுதான்.

1884இல் கார்ல் கொல்லர் கண்ணில் கோக்கெய்ன் சொட்டுவிட்டு அறுவை செய்யலாம் என்று காட்டியதும் ஆட்டம் மாறிவிட்டது. மருந்தால் மரக்கச் செய்யும் காலம் தொடங்கியது. இப்போது எல்லோரும் போடும் லிக்னோகெய்ன் 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. ஆர்னாட்டின் வாதம் தோற்றது நியாயம்தான் என்றாலும், எனக்கு அவர்மீது ஒரு பரிவு உண்டு.

தோல்வழி
பனையோலை ஐயாவின் பதிவில் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். உப்பும் ஐஸும் கலந்ததை வீட்டில் யாரும் முயல வேண்டாம். அந்தக் கலவை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கக்கூடியது. விளையாட்டுச் சவால் என்று இதைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைகள் உறைபுண்ணோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

இரவுப்பணி
நான் செவிலியர். சிறு அறுவை அறையில்தான் வேலை. வைகைக்கரை அக்கா, ஸ்பிரே இல்லாத இடத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

கையுறையின் ஒரு விரலில் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு உறைய வைத்திருப்போம். எடுத்ததும் அதன்மேல் ஈரமான காஸ் துணி ஒரு சுற்று. வெறும் ஐஸ் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். குத்தப்போகும் இடத்தில் ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை வைப்போம். நோயாளி "எரிகிறது" என்று சொல்லி, பிறகு "எதுவும் தெரியவில்லை" என்பார். அந்த நேரத்தில் டாக்டர் சிரிஞ்சோடு தயாராக இருக்க வேண்டும். ஐஸை எடுத்துவிட்டு மருந்துக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தால் வைத்ததெல்லாம் வீண். ஐஸை எடுத்த கையோடு கிருமிநாசினி, உடனே ஊசி. எங்கள் அறையில் இதற்காகவே எல்லாவற்றையும் தட்டில் முன்கூட்டியே அடுக்கி வைப்பேன். புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் என்றால் நேரத்தைக் குறைப்போம். "தெரியவில்லை" என்று அவர் சொல்வதை அங்கே அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது, தோலின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பேராசிரியர் கதையை மறுபடி படி" என்றார். இரண்டு தடவை எடுத்தார்கள் என்றதும் ஸ்பிரே ஆசை கொஞ்சம் தணிந்திருக்கிறது.

இன்னும் மூன்று கேள்விகள். மரப்புக் களிம்பு என்று ஒன்று இருக்கிறதாமே, அது போதாதா? அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், நிறுத்த வேண்டுமா? அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

தோல்வழி
ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இவ்வளவு சிறிய வெட்டுக்குப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. இதயத்துக்காகவோ மூளைக்காகவோ கொடுத்த மருந்தைத் தோலுக்காக நிறுத்திப் பெரிய வினையை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சாப்பிடுவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் வயிறு வேண்டவே வேண்டாம். அம்மா தூங்கப்போவதில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும்.

களிம்பு: லிக்னோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் சேர்ந்தது, எம்லா என்ற பெயரில் பலரும் அறிந்தது. கெட்டியாகப் பூசி மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். அப்போதும் மரப்பு சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும், இரண்டு மணி நேரம் விட்டால் 5. ஊசியின் குத்தல் தெரியாமலிருக்க நல்லது. முழு பஞ்ச் பயாப்சிக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். நுண்ணோக்கி நண்பர் கோபிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்தக் களிம்பும் சில சமயம் அடிவரிசைச் செல்களில் குமிழி விழவைத்து ஏமாற்றும். ஆகவே பூசியிருந்தால் படிவத்தில் எழுத வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு என்னிடம் இருக்கும் உண்மையான மருந்து வேறு. ஊசியில் வலி இரண்டு வகை. முதலாவது குத்தல், அது நொடியில் போய்விடும். இரண்டாவது, மருந்து உள்ளே போகும்போது வரும் எரிச்சல். பல் மருத்துவரிடம் அம்மா பட்டது பெரும்பாலும் இந்த இரண்டாவதாகத்தான் இருக்கும். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் அமிலத்தன்மை உடையது, அதனால்தான் எரிகிறது. 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட்டை ஒன்றுக்கு ஒன்பது அல்லது பத்து என்ற கணக்கில் கலந்தால் எரிச்சல் நன்றாகக் குறையும். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது, 30 எண் மெல்லிய ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாக மெதுவாகச் செலுத்துவது. குளிர் முதல் வலியைத்தான் பார்த்துக்கொள்கிறது, இரண்டாவதற்கு மருத்துவரின் பொறுமை வேண்டும். உங்கள் மருத்துவரிடம் "மெதுவாகப் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நிழற்குடை
சரி, ஒத்துக்கொள்கிறேன் என்று வையுங்கள். ஆனால் ஒன்று இடிக்கிறது. குளிர் நரம்பை மரக்கச் செய்கிறது என்றால், ஐஸை நெடுநேரம் பிடித்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பது ஏன்? மரத்த நரம்பு எப்படி வலியைச் சொல்லும்?

மூலக்கூறு
இதற்குப் பதில் இந்த நூற்றாண்டில்தான் கிடைத்தது. குளிரை உணரும் வாயிலான டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதத்தை 2002இல் கண்டறிந்தார்கள். புதினா உப்பு பட்டால் சில்லென்று இருப்பதும் இதன் வழியாகத்தான். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் தனித்தனியே இதில் வேலை செய்தவர்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களுக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை 2007இல் வந்தது. நரம்பில் சேதி ஓடுவதற்கு சோடியம் வாயில்கள் திறந்து மூட வேண்டும். குளிரில் பெரும்பாலான சோடியம் வாயில்கள் சோர்ந்துவிடுகின்றன. ஆனால் வலி நரம்புகளில் மட்டும் இருக்கும் ஒரு வகை, 1.8 என்று எண்ணிடப்பட்டது, குளிரிலும் வேலை செய்கிறது. ஆகவே தொடுகை உணர்வு போன பிறகும் வலிச் சேதி கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும். குளிர் அரைகுறை மரப்பு மருந்தாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லிக்னோகெய்ன் வாயிலையே அடைத்துவிடுகிறது.

நடத்துநர்
வைகைக்கரை, திட்டின் படத்தை நீக்கியிருக்கிறேன். படம் பார்த்து நோய் சொல்லும் இடமாக இதை ஆக்க வேண்டாம். கீழே வந்த "இந்த எண்ணெய் தடவுங்கள்" பதிவுகளும் போய்விட்டன.

பழைய_களப்பணி
தொழுநோய்த் திட்டத்தில் களப்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எல்லோரும் தோலை எப்படி மரக்கச் செய்வது என்று பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் தானாகவே மரத்துப்போன தோலைத் தேடி அலைந்தேன். இரண்டு சோதனைக் குழாய்கள் கொண்டுபோவோம், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லித் தேமல்மீது மாற்றி மாற்றி வைத்துக் கேட்போம். தொழுநோயில் சூடும் குளிரும் தெரியாமல் போவது தொடக்கத்திலேயே வரும், தொடுகை அதற்குப் பிறகுதான் போகும். நல்ல தோலில் "ஐயோ, சுடுகிறது" என்பவர், தேமலில் வைத்தால் சும்மா இருப்பார். அந்த மௌனம் வந்ததும் அட்டையில் குறித்துக்கொள்வோம்.

அந்த நோயாளிகளுக்கும் துண்டு எடுப்பதுண்டு. மரத்த இடம்தானே, ஊசி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மேலே உணர்ச்சி போயிருந்தாலும் அடியில் இருக்கும். அதுவும் துண்டு எடுப்பது நோய் பரவிக்கொண்டிருக்கும் விளிம்பில், அங்கே உணர்ச்சி நன்றாகவே இருக்கும். ஆகவே டாக்டர்கள் ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். காது மடலிலிருந்து சுரண்டி எடுக்கும் பரிசோதனை மட்டும் வேறு. இரு விரலால் இறுக்கிப் பிடித்து, இரத்தம் விலகித் தோல் வெளுத்ததும் ஒரு சிறு கீறல். ஊசியும் கிடையாது, ஐஸும் கிடையாது.

தோல்வழி
ஐயா, உங்களைப் போன்றவர்கள் குறித்துவைத்த அட்டைகளை வைத்துத்தான் நாங்கள் பாடம் படித்தோம்.

வைகைக்கரை
நேற்று எடுத்தாகிவிட்டது. ஐஸ் கொஞ்ச நேரம், பிறகு ஊசி. மருத்துவர் மெதுவாகத்தான் போட்டார், கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே "சரி அம்மா" என்றார். ஒரு தையல். அம்மா இப்போது சொல்லும் குறை, கட்டுக்காக ஒட்டிய பிளாஸ்திரி அரிக்கிறது என்பதுதான்.

களத்துமேடு
மாமாவுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் அடுத்த நோயாளிக்குத் தயாராக இருப்பார்.

கரிசல்மண்
என் மகளுக்கு ஏழு வயது. கையில் முத்துமுத்தாகப் பாலுண்ணி. அதைச் சுரண்டி எடுக்கவும் ஸ்பிரே போதாதா?

தோல்வழி
அதற்குப் போதும், ஒருசில பாலுண்ணிகள் என்றால். மேலோட்டமான, ஓரிரு வினாடி வேலை. கண், மூக்கு அருகில் அடிக்கக் கூடாது, ஆவியைக் குழந்தை முகரக் கூடாது. ஆனால் சில குழந்தைகள் சுரண்டலைவிட அந்தச் சத்தத்துக்கும் குளிருக்கும்தான் அதிகமாக அழுவார்கள். அவர்களுக்குக் களிம்பே மேல்.

யாருக்குக் குளிர் ஆகாது என்பதையும் எழுதிவிடுகிறேன். குளிர் பட்டால் தடிப்புத் தடிப்பாக வீங்குபவர்கள், விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனோ தொல்லை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் நிறத்துத் தோலில் இன்னொரு கவலை உண்டு. நிறமி தரும் செல்கள் குளிருக்கு மிக மென்மையானவை, மைனஸ் 4 முதல் 7 டிகிரிக்கே சாகத் தொடங்கும். மற்றத் தோல் செல்கள் மைனஸ் 20ஐயும் ஓரளவு தாங்கும். அளவுக்கு மீறி அடித்தால் புண் ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும்.

இரவுப்பணி
டாக்டர் விட்டுவிட்டார், நான் சேர்க்கிறேன். எத்தில் குளோரைடு தீப்பற்றும். அதை அடித்த இடத்தில் இரத்தத்தை நிறுத்த மின்காட்டரி (மின்சூட்டால் தீய்க்கும் கருவி) வைக்கக் கூடாது. எங்கள் அறையில் காட்டரி செருகியிருக்கும் நாளில் அந்தப் புட்டியை அலமாரியை விட்டே எடுக்க விடமாட்டேன்.

நுண்ணோக்கி
எங்கள் பக்கத்து வேண்டுகோளும் ஒன்று உண்டு. துண்டு போகும் ஃபார்மலின் (துண்டைக் கெடாமல் காக்கும் கரைசல்) புட்டியில் பெயர், எந்தக் கால், எந்த இடம் என்று இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஃபார்மலின் துண்டைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு நீங்களே கொண்டுபோவதாக இருந்தால், கெட்டுவிடும் என்று பயந்து ஐஸ் பெட்டியிலோ வீட்டு ஃப்ரீசரிலோ வைக்காதீர்கள், சாதாரண அறை வெப்பமே போதும். இரண்டு புட்டி கொடுத்து ஒன்றில் ஃபார்மலின் இல்லை என்றால் குழம்ப வேண்டாம். அது ஒளிர்சாயப் பரிசோதனைக்கானது, அதற்கு வேறு கரைசல். இரண்டையும் மாற்றி ஊற்றிச் சமப்படுத்திக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன்.